முக்கால் பவர்

நாற்பத்தைந்து வயதைத் தாண்டினால் எல்லோருக்கும் கை குட்டையாகிவிடுகிறது. செய்தித்தாளை நீட்டிப் பிடிக்கிறோம், இன்னும் கொஞ்சம் நீட்டுகிறோம். ஒரு கட்டத்தில் கை முடிந்துபோகிறது, எழுத்து மட்டும் தெளிவதில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை ஐயா. உங்களுக்கும் வந்திருக்கிறது. நான் கொடுத்த மனுவை முதலில் நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கண்ணாடிக்காகச் சட்டைப்பையைத் தடவினீர்கள்.

என் சகலை இறந்த வழக்கின் கோப்பை ஐந்து மாதத்துக்கு முன்பே மூடிவிட்டீர்கள். அதன் முதல் பக்கத்தில், "முதுமையால் ஏற்பட்ட பார்வைக் குறைவின் காரணமாக நேர்ந்த விபத்து" என்று எழுதியிருக்கிறது. அந்த வரி தவறு. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னை இழுத்து வரவில்லை.

நான் முப்பத்துநான்கு வருடம் சர்வேயராக நிலம் அளந்தவன். ஒரு வரைபடத்தில் ஓர் எண் தவறு என்று தெரிந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மேலதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய பிறகும் திருத்தச் சொல்லிப் போய் நின்றிருக்கிறேன். "விடுய்யா, யாருக்குத் தெரியப்போகுது" என்பார்கள். எனக்குத் தெரியும் அல்லவா.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். ஒரே மாமனாரிடம் வந்து மாட்டிக்கொண்ட இரண்டு பேர் என்று எங்கள் மாமனாரே சொல்லிச் சிரிப்பார். பஸ் நிலையத்துக்கு எதிரில் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடை அகலம் கம்மி, நீளம் அதைவிடக் கம்மி. கண் சோதிக்க வேண்டிய தூரம் கிடைக்காததால் எழுத்து அட்டையை நம் தலைக்குப் பின்னால் திருப்பி மாட்டி, எதிரே ஒரு நிலைக்கண்ணாடி வைத்திருப்பார். அதில் பார்த்துப் படிக்க வேண்டும். வருகிறவர்களிடமெல்லாம், "முன்னால பாத்தா பின்னால தெரியும், நம்ம கடையில மட்டும்தான்" என்பார். இருபது வருடமாக அதே வார்த்தை. இருபது வருடமாக ஜனங்களும் சிரித்தார்கள்.

இருவரும் ஊருக்கு வெளியே உள்ள ரைபிள் கிளப்பில் உறுப்பினர்கள். கல் எடுத்து ஓய்ந்துபோன ஒரு குவாரிக்குள் அந்தக் கிளப் இருக்கிறது. என் குறியைப் பற்றி நானே சொல்லக் கூடாது. சுவரில் பலகை இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் ஒன்பது வருடம் முதல் பெயர் என்னுடையது. அதில் ஏழு வருடம் என் பெயருக்குக் கீழே இருப்பது சகலையின் பெயர்.

அறுபத்தோராவது வயதில் ஐந்தாம் இடத்துக்குப் போனேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். துப்பாக்கியில் பின்னால் ஒரு பள்ளம், முனையில் ஒரு முள், தூரத்தில் இலக்கு. மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இளம் கண் இந்த மூன்றுக்கும் நடுவே குதித்துக் குதித்துப் போய்வரும். அது குதிப்பதே நமக்குத் தெரியாது. வயதான கண் குதிக்காது. ஓர் இடத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். என் கண் தூரத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. இலக்கின் கறுப்பு வட்டம் பளிச்சென்று தெரிந்தது, முள் மட்டும் பஞ்சு ஒட்டிய குச்சிபோல ஆகிவிட்டது. சிவப்புப் புள்ளி காட்டும் கருவியெல்லாம் வந்திருக்கிறது. எங்கள் பிரிவில் அதற்கு அனுமதி இல்லை. ஆக, எனக்குத் தூரப் பார்வையில் அன்றும் குறையில்லை, இன்றும் இல்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சகலைதான் கண்டுபிடித்தார். ஒரு வேலை நாளில் மதியமே கடையைப் பூட்டிவிட்டு, வில்லைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குவாரிக்கு வந்தார். என்னைப் பாயில் படுத்துக் குறி பார்க்கச் சொன்னார். கடையில் மாட்டுகிற கனமான சோதனைச் சட்டத்தை என் முகத்தில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாக மாற்றினார்.

"இப்ப?"

"முள் தெரியுது."

"இப்ப?"

"இன்னும் நல்லாத் தெரியுது. ஆனா வட்டம் கலங்குது."

"கலங்கட்டும் சகலை. முள்ளைப் பாருங்க. இலக்கு எங்கயும் ஓடிடாது. கட்டின பொண்டாட்டி மாதிரி, பாக்காட்டியும் அங்கயேதான் இருக்கும்."

பக்கத்துப் பாய்களில் படுத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவ்வளவு பேர் முன்னிலையில் என் கண்ணைச் சோதித்திருக்க வேண்டாம் என்று அப்போதே தோன்றியது.

வலது கண்ணுக்கு முக்கால் பவர் கூட்டி ஒரு வில்லை செய்தார். அதை என் கண்ணாடியின் மேல் ஒரு சின்னக் கீலில் பொருத்தினார். சுடும்போது இறக்கிக்கொள்ளலாம், மற்ற நேரம் நெற்றிப் பக்கம் தூக்கிவிடலாம். இறக்கினால் முள் ஊசிபோலத் தெரியும், தூரம் தண்ணீரில் கரைந்தது போலாகிவிடும். தூக்கினால் தூரம் பளிச்சென்று இருக்கும், முள் காணாமல் போகும். இரண்டும் ஒரே சமயத்தில் கிடைக்காது. போதாததற்கு, துப்பாக்கி மெக்கானிக்கிடம் சொல்லி முள்ளின் தலையில் ஒரு பச்சை மணியும் வைக்கச் செய்தார்.

கீல் என்ற சொல் உங்கள் கோப்பில் ஓரிடத்திலும் இல்லை. நான் வரிவரியாகப் பார்த்துவிட்டேன்.

அடுத்த போட்டியில் மறுபடி முதல் இடம். சகலை இரண்டாவது. என் பெயரை அறிவித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தட்டுவதைக் கவனித்தேன். கடைசி வரிசையில் நின்றிருந்த தேநீர்க்காரர்கூட ஓய்ந்த பிறகுதான் நிறுத்தினார், இவர் அதற்கு முன்பே நிறுத்திவிட்டார். மனிதர்களைக் கவனிப்பது என் தொழிலில் வந்த பழக்கம். அளக்கப் போகிற இடத்திலெல்லாம் உபசரிப்பார்கள். உபசரிக்கிறவர் எல்லைக் கல்லை எத்தனை சாண் நகர்த்தியிருக்கிறார் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். நகர்த்தாத ஆளை நான் பார்த்ததில்லை.

எதிர் வீட்டுக்காரரும் அப்படித்தான். வேலியை ஒரு சாண் தெருவுக்குள் தள்ளிப் போட்டிருந்தார். தினமும் சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விடுவார். எனக்குப் பச்சை மணி பழக வேண்டியிருந்தது. காலித் துப்பாக்கியோடு மாடி ஜன்னலில் நின்று அவர் காதுக்குப் பின்னால் மணியை வைத்துப் பழகுவேன். அசையும் பொருளில் பழகினால்தான் கை நிற்கும். ஒருநாள் என் மகள் தேநீரோடு வந்தாள். எங்களுக்கு ஒரே பெண். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எங்களோடுதான் இருக்கிறாள். டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அறை வாசலுக்குப் போய் நின்றாள்.

"அப்பா, அதைக் கீழ வைங்க."

"குண்டு இல்லம்மா. காலி."

"தெரியும். கீழ வைங்க."

வைத்தேன். குறி பழகுவது பற்றி விளக்கமாகச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து உரிமம் வழங்கும் அலுவலகத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்தது. யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் அதைப் படிக்கக் கொடுத்தார்கள், ஒருமுறை படித்தால் எனக்கு மறக்காது. "இவர் தமது மூக்குக்கண்ணாடியில் வலது கண்ணுக்கு முக்கால் பவர் கூட்டிப் போட்டுத்தான் சுடுகிறார். வயதாகிவிட்டது. பார்வை நம்பும்படி இல்லை. யாருக்காவது ஏதாவது ஆவதற்குள் இவருடைய துப்பாக்கியை வாங்கி வைத்துவிடுங்கள். இப்படிக்கு, நலம் விரும்பி."

துப்பாக்கியை நாற்பத்தொரு நாள் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கண் சோதனையில் கடைசி வரிசை எழுத்துவரை படித்தேன். மருத்துவரே, "இந்த வயசுல இப்படிக் கண்ணா" என்றார். துப்பாக்கி திரும்பி வந்தது. ஆனால் கிளப்பில் நான் பாயை விரித்தால் பக்கத்தில் இருப்பவர் தன் பாயை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஒருத்தர் விளையாட்டாக, "சார், இலக்கு அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். சகலைதான் அவரை அதட்டினார். அவர் அதட்டியது எனக்கு வித்தியாசமாகப் பட்டது. தொடர்பில்லாதவர் சிரித்துவிட்டுப் போவார்.

தெரியாத ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் தெரிந்த மூன்று புள்ளிகள் போதும். முக்கால் பவர் என்பது கண்ணாடி செய்தவருக்குத்தான் தெரியும். கண்ணாடி என்று எல்லோரும் சொல்லும்போது மூக்குக்கண்ணாடி என்று முழுதாகச் சொல்கிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். நான் விலகினால் பலகையில் யார் பெயர் மேலே ஏறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மூன்று கோடும் சகலையின் கடையில் போய்ச் சந்தித்தன. இவ்வளவு சுத்தமாகச் சந்தித்தால் மறுபடி அளந்து பார் என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். நான் மறுபடி அளக்கவும் செய்தேன். நேரே கடைக்குப் போனேன்.

அவர் யாருடைய கண்ணாடிக்கோ திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்.

"யார் எழுதியிருப்பாங்க சகலை?" என்றேன்.

திருப்புளி நின்றுவிட்டது. "யாரா இருந்தா என்ன. கெட்டது நினைச்சு எழுதின மாதிரி இல்லையே. விடுங்க."

"லெட்டரை நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன். நீங்கதானே சொன்னீங்க."

நான் கடிதம் வந்தது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவர் குனிந்து, கீழே விழாத ஒரு திருகாணியைத் தேடினார்.

வீட்டுக்கு நடந்து வந்தபோது எனக்குக் கோபமே இல்லை. கோபத்தில் செய்தான் என்று யாராவது எழுதினால் அதுவும் தவறாகிவிடும். மனது லேசாக இருந்தது. ஓர் எல்லைக் கல் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அப்படித்தான் இருக்கும். அப்புறம் அதைக் கொண்டுபோய் வைப்பது மட்டும்தான் பாக்கி.

மக்காச்சோளம் முற்றும் சமயம். கிளப்புக்குப் பழக்கமான பண்ணைக்காரர் ஒருவர், காட்டுப்பன்றி வயலை உழுதுவிட்டுப் போகிறது என்று வந்து நின்றார். அனுமதிச் சீட்டும் வாங்கி வைத்திருந்தார். செயலாளர் தன்னோடு சேர்த்து மூன்று பேர் வேண்டும் என்றார். நான் ஒப்புக்கொண்டேன். "சகலையையும் சேர்த்துக்குங்க, அவருக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்று சொன்னதும் நான்தான். சகலை உடனே வந்துவிட்டார். நாற்பத்தொரு நாளுக்கு அப்புறம் நான் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு அதில் சந்தோஷம் என்று அவர் மனைவி பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

வயலின் படத்தை நான் வரைந்தேன். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் நானே குறித்தேன். சர்வேயர் கையில் காகிதம் இருந்தால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். செயலாளர் தெற்கு மேட்டில். பண்ணைக்காரர் ஜீப்பில். நான் வடக்கு மூலையில் ஒரு பாறை ஓரம். சகலை மோட்டார் கொட்டகைப் பக்கம். அவருக்குச் சர்க்கரை இருந்தது, முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து ஒதுங்கியாக வேண்டும். கொட்டகையிலிருந்து ஒதுங்குவதற்கு வசதியான இடம், பயிருக்கும் வாய்க்காலுக்கும் இடையே உள்ள புதர் ஒன்றுதான். வடக்கு மூலையிலிருந்து பார்த்தால் அந்தப் புதர் நேரே எண்பது தப்படி.

ஆளை விலங்கென்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்க ஆரஞ்சு நிறச் சட்டை போடுவது கட்டாயம். எல்லோரும் போட்டிருந்தோம். பிரிந்து போகும்போது சகலையிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"இது கண்ணைப் பறிக்குது சகலை. பன்னி தூரத்துலயே பாத்துடும். உக்காந்ததும் கழட்டி வெச்சுடுங்க."

"பன்னிக்கு நிறம் தெரியுமா என்ன?"

"நல்லாவே தெரியும். நான் படிச்சிருக்கேன்."

அவர் வாழ்நாள் முழுக்க மனிதர் கண்ணைப் பார்த்தவர். பன்றியின் கண்ணைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். பன்றிக்கு ஆரஞ்சு தெரியாது, நான் படித்தது அதைத்தான். அவர் நான் சொன்னதை நம்பினார். அந்தச் சட்டையை மடித்து, ஈரம் படாமல் இருக்க அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார். உங்கள் ஆட்கள் அதைக் கொட்டகை ஓரத்திலிருந்து எடுத்து, "கவனக்குறைவு" என்று எழுதிவிட்டார்கள். அந்த இடத்திலும் ஒரு திருத்தம் தேவை. அவர் கவனமாக இருந்தார்.

வெளிச்சம் நன்றாக வந்துவிட்டிருந்தது. பனி இல்லை. பன்றியும் இல்லை. ஐம்பது நிமிஷம் கழித்துப் புதர்ப் பக்கம் சோளத்தட்டை அசைந்தது. முக்கால் பவர் வில்லை இறங்கியிருந்தது. ஒரு பழுப்புக் கறை மட்டும் தெரிந்தது. அது யாராகவும் இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். உங்கள் கோப்பு அந்தக் கணத்தோடு முடிந்துவிடுகிறது. "எதிரி கறையைப் பன்றி எனக் கருதிச் சுட்டார்" என்று. எதிரி என்றால் நான்.

நான் சுடவில்லை ஐயா. கீலைத் தூக்கினேன்.

சகலைதான். திரும்பி வந்துகொண்டிருந்தவர் பாதியில் நின்று, கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டரின் ஓரத்தால் துடைத்தார். ஸ்வெட்டரின் மேல் பட்டனைத் தப்பான துளையில் போட்டிருந்தார். முகவாயில் சவரம் விட்டுப்போன ஓர் இடம் வெள்ளையாக இருந்தது. என் பக்கம்தான் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பத்துத் தப்படி தாண்டி ஒன்றும் தெரியாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அவர் முகமே அப்படித்தான்.

இதையெல்லாம் எண்பது தப்படி தூரத்திலிருந்து பார்த்தேன். பார்வைக் குறைவு உள்ளவனுக்கு இது முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

பிறகு கீலை இறக்கினேன். அவர் மறுபடி கறையானார். கறையாக இருந்தது சௌகரியமாகவும் இருந்தது. அவர் சொல்லித்தந்தபடி முள்ளை மட்டும் பார்த்தேன். பச்சை மணி கறையின் நடுவில் அசையாமல் நின்றது. ஒரே குண்டு.

மற்றவர்கள் ஓடி வருவதற்குள் கட்டைவிரலால் கீலை அழுத்தி வளைத்துவிட்டேன். அதற்கப்புறம் அது அசையவில்லை. உங்கள் கண் மருத்துவர் வில்லையை இறங்கிய நிலையிலேயே வைத்துச் சோதித்து, இதைப் போட்டுக்கொண்டால் எண்பது தப்படியில் மனிதனையும் விலங்கையும் பிரித்தறிவது கடினம் என்று சான்று கொடுத்தார். அவர் சொன்னது சரி. கிளப்பில் நான் அதைத் தூக்கி இறக்குவதைப் பார்த்தவர்கள் உண்டு. அவர்களை யாரும் கேட்கவில்லை, அவர்களாகச் சொல்லவுமில்லை. எல்லோருக்கும் ஒரு கிழவன் மேல் இரக்கம் வந்துவிட்டது. இரக்கம் வந்தவர்கள் அதற்கப்புறம் எதையும் அளந்து பார்ப்பதில்லை.

உரிமத்தை ரத்து செய்தார்கள். அதை எதிர்பார்த்திருந்தேன். நான் எதிர்பார்க்காதது வீட்டில் நடந்தது.

கொழுந்தியாளைத் தனியே விட மனமில்லாமல் என் மனைவி எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். அக்காவும் தங்கையும் சேர்ந்து என்னைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். படிக்கட்டின் ஒவ்வொரு விளிம்பிலும் மஞ்சள் டேப் ஒட்டினார்கள். தெருவைக் கடக்கும்போது ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். மீனில் முள் எடுத்துத் தட்டில் வைத்தார்கள். கொழுந்தியாள் காலையில் பேப்பரை எனக்கு வாசித்துக் காட்டுவாள். தலைப்புச் செய்தியில் தொடங்கிக் காணாமல் போன நாய்வரை வாசிப்பாள். நடுவில் நிறுத்தி, "கண்ணு தெரியாம நடந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க அத்தான், மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க" என்பாள். நான் பேப்பரைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படிக்க வேண்டியதாயிற்று. வாரத்துக்கு ஒரு முறையாவது நாற்காலியில் இடித்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. ஒரு தடவை உண்மையாகவே இடித்துக்கொண்டேன், அன்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

ஐந்து மாதம் ஐயா. சுவர்ப் பலகையில் ஒன்பது வருடம் முதல் பெயர் வாங்கியவன்.

நேற்றுக் காலை மகளோடு மாடியில் நின்றிருந்தேன். அவள் பள்ளிக்குக் கிளம்பிக் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். தெருக்கோடியில், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி பஸ் திரும்பியது.

"பத்தொம்பது வருது, ஓடு" என்றேன்.

அவள் ஓடவில்லை. பஸ்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நம்பர் தெரியுதா உங்களுக்கு?"

சத்தத்தை வைத்துச் சொன்னேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஐந்து மாதத்தில் முதன்முறையாக ஒருவர் என் கண்ணைப் பற்றிச் சரியான கேள்வி கேட்டிருந்தார்.

"தெரியுது" என்றேன்.

பஸ் வந்து, நின்று, போயும்விட்டது.

"அன்னைக்கும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கைப்பை சரிந்து சாக்பீஸ் எல்லாம் உருண்டது. அவற்றைப் பொறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அந்த லெட்டரை நான்தான்ப்பா போட்டேன்" என்றாள்.

"முக்கால்னு உனக்கு எப்படித் தெரியும்?" நான் முதலில் கேட்டது அதைத்தான்.

"கடையிலேர்ந்து உங்க கண்ணாடியை வாங்கிட்டு வந்ததே நான்தானே. கவர் மேலயே எழுதியிருந்துச்சு."

"மூக்குக்கண்ணாடின்னு எழுதியிருந்ததே."

"லீவுன்னா சித்தப்பா கடையிலதானே கிடப்பேன். அவர் பேசறதுதான் என் வாயிலயும் வரும்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். எழுதி அவர்கிட்டதான் காட்டினேன். உங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னு நான்தான் கெஞ்சினேன். அவரும் சொல்லல."

"என் கண்ணு கெட்டுப்போச்சுன்னு எதுக்கு எழுதின?"

"கண்ணைத்தான்ப்பா எழுத முடிஞ்சுது. எதிர் வீட்டுக்காரர் தலைக்கு நேரா நீங்க துப்பாக்கியை வெச்சுக்கிட்டு நின்னதைப் பாத்தேன். அப்ப உங்க முகம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. எங்கப்பா மனசு சரியில்லைன்னு எந்தப் பொண்ணு எழுதுவா? கண்ணுன்னு எழுதினா உங்களுக்கு அவமானமா இருக்காதுன்னு நினைச்சேன். உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்."

ஆக, ஆள் மாறிவிட்டது. இதை நான் மறைக்கவில்லை. மூன்று புள்ளிகளையும் சரியாகத்தான் பார்த்தேன். திருப்புளி நின்றதைப் பார்த்தேன், அவர் பொய்யாகக் குனிந்ததைப் பார்த்தேன். எதுவும் கற்பனையில்லை, அவருக்கு உண்மையாகவே விஷயம் தெரிந்திருந்தது. கோடுகளைச் சேர்த்த இடத்தில் மட்டும் ஒரு பிசகு. கணக்கில் வந்த பிழையைப் பார்வையின் மேல் போடக் கூடாது. எங்கள் துறையில் அவை இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். சித்தியின் முகத்தில் இனி எப்படி முழிப்பது என்றாள், அம்மாவிடம் என்ன சொல்வது என்றாள். எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. குறையே இல்லை என்று சொன்னாளே, அதை இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்று இருந்தது. கேட்கவும் கேட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இன்று காலை அவள்தான் வண்டி ஓட்டி வந்தாள். நீங்களாச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா என்று வாசலில் கேட்டாள். நானே சொல்கிறேன் என்றேன். அதனால்தான் யாரும் இழுத்து வரவில்லை என்றேன், அது பொய்யில்லை.

தண்டனையைப் பற்றி எனக்குக் கோரிக்கை எதுவும் இல்லை. சட்டப்படி செய்யுங்கள். முதல் பக்கத்தில் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, தெளிவாகப் பார்த்து, இன்னார் என்று அறிந்து, சுட்டார் என்று எழுதுங்கள். எழுதியதும் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டாம், நானே படித்துக்கொள்வேன்.

அடுத்து என் மகளைக் கூப்பிடுவீர்கள் போலிருக்கிறது. அதோ, வராந்தாவின் கடைசி பெஞ்சில் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். எவ்வளவு தூரம் இருக்கும், நாற்பது தப்படியா? அந்தக் கைக்குட்டையின் ஓரத்தில் இரண்டு தையல் விட்டுப்போயிருக்கிறது. இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது.